பூட்டு இருக்கட்டும், கடை எங்கே என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில், பெரியவர்களுக்கு இருக்கும் கவனச்சிதறல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிவைத்திருந்த ஏடிஹெச்டி, வேலைக்குப் போகிற, குடும்பம் நடத்துகிற பெரியவர்களிடமும் உண்டு என்று விளக்கியது நல்ல காரியம். ஆனால் மருந்து என்று வந்த இடத்தில், 'பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரைகள், எச்சரிக்கை தேவை' என்ற ஒரே வரியோடு கட்டுரை முடிந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே ஒரு அம்மா என் கடைக்குப் போன் செய்து, மகன் சாப்பிடும் மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பெரம்பூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மருந்தாளுநர். யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் எழுதிய சீட்டைக் கையில் வாங்கிய பிறகு நோயாளி என்ன பாடு படுகிறார் என்பது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்குத்தான் தெரியும். அதிலும், பூட்டி வைத்து விற்க வேண்டிய ஒரு மாத்திரை எந்தக் கடையில் கிடைக்கும் என்றே தெரியாமல் அவர்கள் அலைவதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கீழே நான் குறிப்பிடும் வாடிக்கையாளர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கவனச்சிதறலும் மனப்பதற்றமும் சேர்ந்தே எழுதிய சீட்டுகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. இதில் ஆச்சரியமில்லை. கணக்கில் பணம் இருந்தும் கரண்ட் பில் கட்டும் தேதி தவறிப்போகிறது. ஆபீஸில் அனுப்ப வேண்டிய மெயில் பாதி எழுதியபடி கிடக்கிறது. 'இவ்வளவு படிச்சிருக்கே, இதுகூடவா ஞாபகம் இல்லை' என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்கு, போன் மணி அடித்தாலே இன்றைக்கு எதை மறந்தோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பதற்றம் கூடக் கூட, இருக்கிற கவனமும் போகிறது. எது முன்னால், எது பின்னால் என்று பிரித்துப் பார்க்கத்தான் மருத்துவர் முதல் நாள் அத்தனை கேள்வி கேட்கிறார். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்பது அதில் முக்கியமான கேள்வி. 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டின் வரையறை அது. ஒரு வாடிக்கையாளரின் அம்மா, மகனுடைய ஐந்தாம் வகுப்பு ராங்க் கார்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்த் திரும்பும் வழியில் எனக்கும் காட்டினார். ஆசிரியர் குறிப்பு என்ற கட்டத்தில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே வாசகம்: 'புத்திசாலிப் பையன், ஓரிடத்தில் உட்காருவதில்லை.' அப்புறம், தைராய்டு கோளாறு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவையும் இதே போலத் தோற்றம் காட்டும். அதற்காக எழுதித் தரும் பரிசோதனைகளை வீண் செலவு என்று யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம்.

இனி மருந்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பழக்கமாகிவிடும்' என்று சீட்டு ஒட்டியதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் மெத்தில்ஃபெனிடேட். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் 1944-ல் உருவாக்கப்பட்டு, 1950-களில் ரிட்டலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பழைய மருந்து. மூளையில் டோபமின், நார்எபிநெஃப்ரின் என்ற இரண்டு ரசாயனங்கள் சட்டென்று உறிஞ்சப்பட்டுவிடாமல் கொஞ்ச நேரம் நின்று வேலை செய்ய இது உதவுகிறது. சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்யும். மெதுவாக மருந்தை வெளிவிடும் வகையில், காலையில் ஒன்று போட்டால் பகல் பொழுது முழுவதும் தாங்குவதும் உண்டு. பசி குறையும், நேரம் கழித்துப் போட்டால் தூக்கம் கெடும், நாடித்துடிப்பும் பிரஷரும் கொஞ்சம் ஏறும். அதனால் இதயக் கோளாறு உண்டா, குடும்பத்தில் யாராவது இள வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா, கண்ணில் கிளாகோமா என்ற அழுத்த நோய் உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் மருத்துவர்கள் ஆரம்பிப்பார்கள்.

பதற்றமும் உள்ளவர்களுக்கு இது ஒத்துவருமா என்று பலர் கேட்கிறார்கள். சிலருக்குப் படபடப்பு கூடிவிடுகிறது. வேறு சிலருக்கோ, கையில் எடுத்த வேலை முடியத் தொடங்கியதும் பதற்றம் தானாக வடிந்துவிடுகிறது. இரண்டு விதமும் என் வாடிக்கையாளர்களில் உண்டு. அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். நான் என் பங்குக்கு ஒன்று சொல்வேன். காலையில் வீட்டில் டிகாஷன் திக்காக இரண்டு டம்ளர் காபி, அப்புறம் ஆபீஸ் மெஷினில் இரண்டு கப், நடுவில் இந்த மாத்திரை என்றால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டும் முன், காபியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

பழக்கமாகிவிடும் என்ற பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பரீட்சைக்குக் கண் விழிக்க நண்பனிடம் வாங்கி விழுங்குகிறவருக்கு ஆபத்து நிஜம். டாக்டர் சொன்ன அளவை, சொன்ன நேரத்தில் விழுங்கி, மாதாமாதம் பிரஷர் பார்த்துக்கொள்ளும் நோயாளிக்கு அந்த ஆபத்து குறைவு. இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால், மருந்தைக் கைவிடுகிறவர் இரண்டாமவர்தான்.

அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் ஆடரால் கேட்டு வருகிறார்கள். அது ஆம்பெட்டமின் வகை. இங்கே கடைகளில் கிடையாது. அங்கிருந்து யாரையாவது பார்சலில் அனுப்பச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள், போதைப்பொருள் சட்டத்தில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது அடோமாக்செடின். இது மெத்தில்ஃபெனிடேட் போல மூளையைத் தூண்டும் வகையைச் சேர்ந்ததல்ல, பழக்கமும் ஆகாது. உங்கள் கட்டுரையில் இதன் பெயரே வரவில்லை. பதற்றமும் சேர்ந்து இருக்கிறவர்களுக்கு மனநல மருத்துவர்கள் இதை எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். சீட்டு கட்டாயம் வேண்டும், ஆனால் மெத்தில்ஃபெனிடேட்டுக்கு உள்ள கெடுபிடிகள் இதற்குக் கிடையாது. பொறுமைதான் வேண்டும். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பத்தாம் நாளே 'ஒண்ணும் தெரியலை அக்கா' என்று மீதி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வருகிறார்கள். முதல் சில நாள் குமட்டும், வாய் உலரும், சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். ஆண்கள் சிலருக்குச் சிறுநீர் கழிப்பதில் சிரமம் வரும், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைத் தண்ணீரில் கலக்கக் கூடாது, கண்ணில் பட்டால் எரிச்சல் தரும். சிறுநீர் அடர் நிறமாகப் போவது, கண் மஞ்சளாவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்குவது ஆகியவை அபூர்வம். ஆனால் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நள்ளிரவில் யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

இந்த மருந்தை வைத்து ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. அடோமாக்செடின் அவருக்கு நன்றாகவே ஒத்துப்போயிருந்தது. இடையில் மனம் சோர்ந்து, வீட்டுக்குப் பக்கத்தில் வேறொரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். அந்த டாக்டர் ஃபுளூவாக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதியிருக்கிறார். அதை வேறு கடையில் வாங்கியதால் யார் கண்ணிலும் இரண்டு சீட்டும் சேர்ந்து படவில்லை. ஒரு நாள் பள்ளி விட்டதும் நேராக என் கடைக்கு வந்தார். உள்ளங்கையெல்லாம் வியர்வை. 'பதட்டம் திரும்பி வந்துடுச்சு அக்கா, முன்னைவிட மோசமா இருக்கு, ஏதாவது குடுங்க' என்றார். ஸ்டூலில் உட்காரவைத்து பிரஷர் மெஷினைக் கட்டினேன். நாடித்துடிப்பு 110-ஐத் தாண்டி இருந்தது. கைப்பையில் உள்ள மாத்திரைகளையெல்லாம் கவுண்டர் மேல் எடுத்து வைக்கச் சொன்னேன். விக்ஸ் டப்பா, கால்சியம் மாத்திரை, பாதி தீர்ந்த ஜெலுசில் அட்டை, இவற்றுக்கு நடுவே அந்த ஃபுளூவாக்செடின் இருந்தது.

கல்லீரலில் அடோமாக்செடினை உடைத்து வெளியேற்றுகிற நொதி ஒன்று உண்டு, அதற்கு சிஒய்பி2டி6 என்று பெயர். ஃபுளூவாக்செடின், பராக்செடின், புப்ரோபியான் ஆகிய மூன்றும் அந்த நொதியை முடக்கிவிடும். அப்போது அடோமாக்செடின் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கும். விழுங்குவது அதே ஒரு கேப்ஸ்யூல்தான், ஆனால் உடம்புக்கு அது பல மடங்காகிவிடும். அந்த ஆசிரியை தன் மனம் மறுபடி உடைகிறது என்று நினைத்து அழுதுகொண்டிருந்தார். நடந்தது இரண்டு மாத்திரைகளின் மோதல். கடையிலிருந்தே அவருடைய மனநல மருத்துவருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். ஃபுளூவாக்செடினை நிறுத்தினாலும் அது உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அடோமாக்செடினின் அளவைக் குறைத்தார். பிறகு அந்த நொதியை அவ்வளவாகத் தொடாத செர்ட்ரலினுக்கு மாற்றினார். கேப்ஸ்யூலையும் வேண்டாம், மாத்திரையையும் வேண்டாம் என்று அந்த ஆசிரியை தானே தூக்கிப்போட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும். இரண்டு டாக்டரைப் பார்க்கிற யாரும், சாப்பிடும் எல்லா மருந்தின் அட்டையையும் இருவரிடமும் காட்டுங்கள். முடிந்தால் ஒரே கடையில் வாங்குங்கள்.

செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை பதற்றத்துக்கு நல்ல மருந்துகள். ஆனால் கவனத்தைச் சீர்படுத்துவது அவற்றின் வேலையல்ல. பலன் தெரியச் சில வாரம் ஆகும், தொடங்கிய புதிதில் சிலருக்குப் பரபரப்பு சற்றுக் கூடவும் செய்யும். குளோனிடின் என்ற பழைய பிரஷர் மாத்திரையையும் சிலருக்கு எழுதுகிறார்கள். தூக்கம் வரும், திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும். மேடையேறும் நடுக்கத்துக்குத் தரும் புரோபிரனலால், வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது. இத்தனைக்கும் மேலே, பழக்கங்களை மாற்றிப் பயிற்றுவிக்கும் ஆலோசனை சிகிச்சையும் உண்டு. மாத்திரையோடு அதுவும் சேரும்போது நன்றாக இருப்பதாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு மாத்திரைகள். குளோனாஸெபாம், அல்பிரஸோலம். 'அந்தத் தூக்க மாத்திரை ஒரு அட்டை' என்று சீட்டில்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாத நாளே இல்லை. அரை மணி நேரத்தில் மனம் அடங்கிவிடும், அதனால்தான் பிடித்துப்போகிறது. ஆனால் மறுநாள் மந்தம், மறதி. ஏற்கெனவே கவனம் நிற்காதவருக்கு இருக்கிற கொஞ்சத்தையும் அது எடுத்துக்கொள்கிறது. பழகிவிட்ட பிறகு சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பழக்கமாகிவிடும் என்ற எச்சரிக்கையை உங்கள் கட்டுரை இந்த மாத்திரைகளுக்கு எழுதியிருந்தால் நானே கடை வாசலில் ஒட்டியிருப்பேன்.

சரி, மெத்தில்ஃபெனிடேட்டின் பூட்டு விஷயம். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில், கடும் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கான எக்ஸ் அட்டவணையில் அது இருக்கிறது, 1985-ன் போதைப்பொருள் சட்டப் பட்டியலிலும் இருக்கிறது. அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பில் எக்ஸ்ஆர்எக்ஸ் என்று அச்சிட்டிருக்கும். விற்கிற கடைக்குத் தனி உரிமம் வேண்டும். மருந்தைப் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். டாக்டர் சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும், ஒன்றைக் கடை வாங்கி இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். என் கடையில் இன்சுலின் பிரிட்ஜுக்கு மேலே சின்ன இரும்பு அலமாரி இருக்கிறது, சாவி என் சேலைத் தலைப்பில். நீளமான பதிவேட்டில் தேதி, நோயாளியின் பெயர், முகவரி, டாக்டரின் பதிவு எண், பேட்ச் எண், கொடுத்தது, மிச்சம் என்று ஒவ்வொரு அட்டைக்கும் எழுதுகிறேன். மிச்சம் என்ற கட்டத்தில் ஒரு மாத்திரை உதைத்தாலும் மருந்து ஆய்வாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுப்பாடு தேவை என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்த உரிமத்தை எடுக்கக் கடைக்காரர்கள் தயங்குகிறார்கள். வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர், எழுத்து வேலை அதிகம், விற்காமல் காலாவதியானால் நஷ்டம் நமக்கு. அதனால் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் மக்கள் அலைகிறார்கள். ஆவடியிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் தாம்பரம் தாண்டியும் என்னிடம் வருகிறார்கள். எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், யாரோ வாட்ஸாப்பில் சொன்னார்கள் என்கிறார்கள். யாருக்கு இந்த அலைச்சல் என்று யோசித்துப் பாருங்கள். தேதி நினைவில் நிற்காதவர், கையில் வைத்திருந்த காகிதத்தை பஸ்ஸில் விட்டுவிடுபவர், நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே உடம்பு நடுங்குபவர். அவர்தான் இரண்டாம் பிரதியை மறக்காமல் எடுத்துக்கொண்டு, மாத்திரை தீரும் முன் கிளம்பி, ஒவ்வொரு கடையாக ஏறி இறங்க வேண்டும். போகிற இடத்தில் 'அது போதை மாத்திரை, நாங்க வெச்சுக்கறதில்ல' என்று கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். ஒரு பையன், வேளச்சேரிப் பக்கம் அப்படிக் கேட்டதிலிருந்து மாத்திரையே வேண்டாம் என்று விட்டுவிட்டு, வேலையும் போன பிறகு தன் அக்காவோடு என் கடைக்கு வந்தான். நான் பேசிய அத்தனை நேரமும் அக்காதான் பதில் சொன்னாள், அவன் தலை நிமிரவில்லை. சக கடைக்காரர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று மெதுவாகச் சொல்லுங்கள், எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

அரசிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமல்ல. எக்ஸ் உரிமம் யார் யாரிடம் இருக்கிறது என்ற விவரம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் இருக்கத்தான் செய்கிறது. பகுதிவாரியாகப் பிரித்து, தமிழில், பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். திருட்டு பயம் என்று சிலர் சொல்வார்கள். பூட்டும் பதிவேடும் அதற்குத்தானே இருக்கின்றன, நகைக்கடைகள் விலாசத்தை மறைத்து வைத்தா வியாபாரம் செய்கின்றன? 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களில் மாநகராட்சி மண்டலத்துக்கு ஒன்றுக்காவது இந்த உரிமம் கொடுக்கலாம். 1794-ல் தொடங்கிய பாரம்பரியம் உள்ள கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும், ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், மேலே சொன்ன மருந்துகளில் எது கையிருப்பில் இருக்கிறது என்று மருந்தக ஜன்னலில் எழுதிப் போடலாம். அரசு அறிவிக்கும் அத்தியாவசிய மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

இன்னொன்று மத்திய அரசின் கையில் இருக்கிறது. 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, எக்ஸ் அட்டவணை மருந்தை வீடியோவில் பார்த்து எழுதித்தர முடியாது. முதல் தடவை நேரில் பார்ப்பது அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரே அளவில் நிலையாக இருப்பவர், அடுத்த மாதத்துச் சீட்டுக்காக மட்டும் அரை நாள் லீவு போட வேண்டியிருக்கிறது. அவருக்கு ஏதாவது வழி செய்யலாமா என்று மனநல மருத்துவர்களைக் கூட்டிவைத்து யோசிக்க வேண்டும்.

பட்டியல் வரும்வரை வாசகர்களுக்கு: சீட்டு இரண்டு பிரதியாக இருக்கிறதா, இரண்டிலும் தேதி, உங்கள் முகவரி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்கின்றனவா என்று டாக்டர் அறையை விட்டு வெளியே வரும் முன்பே பார்த்துவிடுங்கள். பக்கத்தில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவரிடமே கேளுங்கள். கிளம்பும் முன் அந்தக் கடைக்குப் போன் செய்து, உங்களுக்கு எழுதிய அளவு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆசிரியர் அவர்களே, என் கடையின் பெயரையும் எண்ணையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒரு கடையின் விலாசம் இந்த நகரத்துக்குப் போதாது. உங்கள் நிருபர் ஒருவரை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அனுப்பி அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கிடைத்ததும், கட்டுரை வந்த அதே பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
பெரம்பூர், சென்னை – 11